பெருங் கமராவும் பிராயமும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. பிள்ளையைச் சங்கீத வகுப்புக்கு அனுப்பும் தாயாரும் அதனைச் சொல்வர். வகுப்பறையில் நிற்கும் எம்போன்ற ஆசிரியரும் சொல்வர். இளமையிற் பழகாத கலை பிற்காலத்திற் கைவராது என்பது அதன் கருத்து. வாய்ப்பாட்டுக்கும் பரதத்துக்கும் அது பெரும்பாலும் பொருந்தலாம். ஆனால், கலைகளுள் ஒன்று இப்பழமொழிக்கு எளிதில் அடங்குவதாய் இல்லை. பெரிய கமராவைக் கொண்டு நிழற்படம் பிடிக்கும் கலையே அது.

இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. அதிற் கமரா இல்லாததும் அரிது. மூன்று வயதுக் குழந்தையும் விரலால் தொட்டுப் படம் எடுத்துவிடுகின்றது. இக்காலத்திலும், மரப்பெட்டி போன்ற பெருங் கமராவைத் தோளிற் சுமந்து, ஒரு படத்துக்காக ஒரு பகற்பொழுதையே செலவிடுவோர் உலகிற் பலர் உளர். அக்கமராவுக்கு வேண்டிய பெரிய படச்சுருள் ஏடுகள் இன்றும் தயாராகி விற்பனைக்கு வருகின்றன. இக்கருவியிடம் மனிதர் எந்த வயதில் வந்தனர்? எதன்பொருட்டு வந்தனர்? இருபத்தைந்து வயதிலும், முப்பதிலும், நாற்பதிலும், நாற்பத்தெட்டிலும் வந்த சிலருடைய வரலாறு இக்கேள்விகளுக்கு விடை தருகின்றது. அவர்களுள் ஒருவருடைய கல்லறை நமது மலைநாட்டிலேயே இருக்கின்றது.

தலைகீழாய்த் தெரியும் உலகம்

முதலிற் கருவியை அறிந்துகொள்வோம். பெரிய கமராவின் அமைப்பு மிக எளியது. முன்புறத்தில் ஒரு பலகை. அதிற் பொருத்திய வில்லை. பின்புறத்திலே தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடித் தகடு. ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியைப்போல மடிப்பு மடிப்பாய் நீண்டு சுருங்கும் ஓர் இருட்டுக் கூடு இவ்விரண்டையும் இணைக்கின்றது. மூன்று கால் தாங்கியொன்றில் இதனை நிறுத்தி, கறுப்புத் துணியைத் தலைமேற் போர்த்துக்கொண்டு நோக்கினால், எதிரேயுள்ள காட்சி அக்கண்ணாடியிலே தலைகீழாகவும் இடவலம் மாறியும் தோன்றும்.

பாடசாலையில் ஊசித்துளைக் கமரா செய்து பார்த்த மாணவருக்கு இதன் காரணம் விளங்கும். ஒளி நேர்கோட்டிற் செல்வது. ஆதலின், மரத்தின் உச்சியிலிருந்து புறப்படும் கதிர் துளையைக் கடந்து கீழே விழுகின்றது; அடியிலிருந்து புறப்படும் கதிர் மேலே விழுகின்றது. வில்லையும் அவ்வாறே செய்கின்றது. காட்சி தெளிவானதும், கண்ணாடியின் முன்னே ஒளிபடாத உறையொன்றைச் செருகுவர். அவ்வுறையினுள்ளே முற்காலத்தில் மருந்து பூசிய கண்ணாடித் தட்டு இருந்தது. பிற்காலத்தில் படச்சுருள் ஏடு வந்தது. ஓர் ஏட்டில் ஒரு படமே எடுக்கலாம்.

ஏட்டின் அளவு 4 அங்குல அகலம் 5 அங்குல நீளமாகவோ, 8 அங்குல அகலம் 10 அங்குல நீளமாகவோ இருப்பது வழக்கம். நம் வீடுகளில் முன்பு பழகிய சிறிய கமராவின் சுருளில் ஒரு படத்துக்குரிய இடம் 24 மில்லிமீற்றர் அகலமும் 36 மில்லிமீற்றர் நீளமுமே. கணக்கிட்டுப் பார்த்தால், 8 அங்குலம் 10 அங்குலம் கொண்ட ஏடு அதனினும் ஏறத்தாழ 60 மடங்கு பரப்புடையது. அதனாலேதான் ஓலையின் நரம்பும், கல்லின் சிதைவும், கிழவியின் முகச் சுருக்கமும் அதிலே ஒன்றும் விடாமற் பதிகின்றன.

இன்னொரு நன்மையும் உண்டு. உயர்ந்த கோபுரத்தைச் சாதாரண கமராவால் எடுக்கும்போது கமராவை அண்ணாந்து பிடிக்க நேரும்; உடனே கோபுரம் பின்புறமாய்ச் சாய்ந்து விழுவதுபோலப் படத்திலே தோன்றும். பெரிய கமராவிலோ, பெட்டியைச் சாய்க்காமல் வில்லைப் பலகையை மாத்திரம் மேலே உயர்த்தலாம். கோபுரம் நிமிர்ந்தே நிற்கும்.

ஆனால், இந்நன்மைகளுக்கெல்லாம் விலை உண்டு. கருவி பாரமானது, ஏடு விலையுயர்ந்தது, ஒருமுறை எடுத்தபின் மீண்டும் எடுக்க உறையை மாற்றவேண்டும். ஆகவே நூறு படம் எடுத்து நல்லதொன்றைப் பொறுக்கும் பழக்கம் இங்கே செல்லாது. எதனை எடுப்பது, ஏன் எடுப்பது என்பதை எடுக்குமுன்னரே தீர்மானித்தாக வேண்டும்.

எஞ்சிய இரண்டு தட்டுகள்

இத்தீர்மானத்தின் அருமையை இருபத்தைந்து வயதிற் கண்டுகொண்டவர் அமெரிக்கரான அன்செல் அடம்ஸ். இவர் 1902ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவிற் பிறந்தவர். பியானோ வாசிப்பதையே வாழ்க்கைத் தொழிலாக்க எண்ணிப் பயின்று வந்தார். 1916இல், பதினான்கு வயதில், பெற்றோருடன் கலிபோர்னியாவின் யொசெமிட்டி மலைப் பள்ளத்தாக்குக்குச் சென்றபோது கொடக் பெட்டிக் கமராவொன்று அவருக்குக் கிடைத்தது. அந்த மலைகளில் விழுந்த மனம் பின்னர் மீளவேயில்லை.

1927ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆந் திகதி, பின்னாளில் தம் மனைவியான வேர்ஜினியாவோடும் நண்பர் சிலரோடும் பனி படர்ந்த மலைச்சரிவில் ஏறினார். முதுகிலே பெரிய கமராவும் பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகளும் இருந்தன. 'ஹாப் டோம்' என்னும் செங்குத்துப் பாறைக்கு எதிரே வந்து நின்றபோது எஞ்சியவை இரண்டே தட்டுகள். மஞ்சள் நிறக் கண்ணாடியை வில்லைக்கு முன்னிட்டு ஒன்றைப் பயன்படுத்தினார். எடுத்த உடனேயே அவர் மனம் நிறைவு கொள்ளவில்லை. அப்படத்தில் வானம் வெளிறியிருக்கும். பாறையின் கம்பீரத்தைக் கண்டு தம் உள்ளம் நடுங்கிய நடுக்கம் அதில் இராது என்பதை உணர்ந்தார். கடைசித் தட்டுக்கு முன்னே கருஞ்சிவப்புக் கண்ணாடியை இட்டார். சிவப்புக் கண்ணாடி வானத்தின் நீல ஒளியைத் தடுக்குமாதலின் வானம் ஏறக்குறையக் கறுப்பாயிற்று. வெயிலும் பனியும் பட்ட பாறை அதனெதிரே எழுந்து நின்றது.

எடுக்குமுன் மனத்திலே முடிந்த படத்தைக் காண்பது என்னும் முறையை அன்றுதான் தாம் உணர்ந்ததாக அடம்ஸ் பிற்காலத்தில் எழுதினார். பையில் நூறு தட்டுகள் இருந்திருப்பின் அவர் அவ்வளவு சிந்தித்திருப்பாரோ என நாம் கேட்கலாம். குறைவே அங்கு குருவாயிற்று. இசை பயின்ற பயிற்சியும் வீண்போகவில்லை. எதிர்ப்படத்தை இசைக் குறிப்புக்கும், அதிலிருந்து எடுக்கும் பிரதியைக் கச்சேரிக்கும் அவர் ஒப்பிடுவது வழக்கம்.

வேகத்திலிருந்து நிதானத்துக்கு

அதே வயதில், முற்றும் வேறான வழியில் வந்தவர் ஸ்டீபன் ஷோர். 1947இல் நியூயோர்க்கிற் பிறந்த இவரை ஐந்தில் வளைந்தவர் என்றே சொல்லவேண்டும். ஆறு வயதிலேயே படம் கழுவும் இருட்டறைச் சாதனங்கள் பரிசாகக் கிடைத்தன. பதினான்கு வயதில் நியூயோர்க் நவீன கலை அரும்பொருட்சாலை அவருடைய படங்கள் மூன்றை விலைக்கு வாங்கிற்று. இருபத்துமூன்று வயதில், 1971இல், அந்நகரின் மெட்ரோபொலிட்டன் அரும்பொருட்சாலையில் அவருடைய படங்கள் தனிக் காட்சியாக வைக்கப்பட்டன.

1972இல் சட்டைப்பையில் அடங்கும் சிறு கமராவுடன் அமெரிக்கா முழுவதும் பயணஞ் செய்து, உண்ட உணவு, உறங்கிய அறை, கண்ட மனிதர் என்று கண்டதையெல்லாம் எடுத்துத் தள்ளினார். அப்படங்களைப் பெரிதாக்க முயன்றபோது சிறிய சுருளின் மணற்றன்மை வெளிப்பட்டது, நுட்பங்கள் கரைந்தன. ஆகவே 1973இல் 4 அங்குலம் 5 அங்குலக் கமராவுக்கும், பின்னர் 8 அங்குலம் 10 அங்குலக் கமராவுக்கும் மாறினார். பெரிதாக்குதற்பொருட்டு எடுத்த கருவி அவருடைய பார்வையையே மாற்றிவிட்டது. ஒரு நாற்சந்தி, எரிபொருள் நிலையம், உணவுச்சாலை மேசையிலிருந்த காலையுணவு முதலிய அற்பப் பொருள்களை ஒரு தேவாலயத்தை நோக்கும் கவனத்தோடு நோக்கினார். ஏட்டின் விலை அதிகமாதலின் ஒரு காட்சிக்கு ஒரு படமே எடுப்பதென்ற வழக்கத்தையும் கைக்கொண்டார். 1982இல் வெளிவந்த அவரது படநூல், வர்ண நிழற்படத்துக்குக் கலைத்தகுதி பெற்றுத் தந்த நூல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது.

ஆகவே, இளமையிலே கற்றவருக்கும் மீண்டுமொருமுறை மாணவராகும் நிலை வருகின்றது. வேகமாய்ச் செய்யத் தெரிந்த ஒன்றை மெதுவாய்ச் செய்யப் பழகுவது புதிதாய்க் கற்பதினும் கடினம் என்பதைச் சைக்கிளிற் பாய்ந்து செல்லும் பிள்ளைக்கு நடை பழக்கிய பெற்றோர் அறிவர்.

தஞ்சைக்கு வந்த கப்டன்

இனி, காலத்தாற் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். சிறிய கமராக்கள் தோன்றாத பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், படம் பிடிக்க விரும்பியவர்க்குப் பெரிய கமராவையன்றி வேறு வழி பெரும்பாலும் இல்லை. பெரிதாக்கும் வசதி குறைவாதலால், எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய கமராவே வேண்டியிருந்தது.

லின்னேயஸ் ட்ரைப் என்பவர் 1822இல் இங்கிலாந்திற் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையிற் சேவை செய்த அதிகாரி. முப்பது வயதை அடுத்து, விடுமுறையில் இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில் நிழற்படக் கலையைப் பயின்றார். 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் சென்று படங்கள் எடுத்தார். அடுத்த ஆண்டில் சென்னை அரசாங்கம் அவரைத் தன் படப்பிடிப்பாளராக நியமித்தது.

1857ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கி, மாட்டு வண்டிகளிற் கருவிகளை ஏற்றிக்கொண்டு திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களுக்குச் சென்றார். ஈரமருந்து பூசிய கண்ணாடி நம் வெப்பத்தில் விரைவில் உலர்ந்துவிடும். ஆதலின் மெழுகூட்டிய காகிதத்தையே எதிர்ப்படத்துக்குப் பெரிதும் பயன்படுத்தினார். திருமலை நாயக்கர் மகாலும், மீனாட்சியம்மன் கோயில் மண்டபங்களும், தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானமும் அவருடைய படங்களில் இன்றும் அன்றிருந்தவாறே நிற்கின்றன.

தஞ்சையில் அவர் செய்த காரியமொன்று தமிழராகிய நாம் நன்றியோடு நினைக்கத் தக்கது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிச் செல்லும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, இருபத்தொரு படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கு மேற்பட்ட நீளமுடைய ஒரே படமாக்கினார். தாம் வாசித்தறியாத மொழியின் எழுத்துகளை, வாசிக்கக்கூடியவர்கள் பயன்கொள்ளட்டும் என்று அடிபிசகாமற் பதிந்து வைத்த பணி அது. 1859இல் புதிதாய் வந்த சென்னைக் கவர்னர் சேர் சார்ள்ஸ் ட்ரெவெலியன், இது அரசாங்கத்துக்கு ஆகாத ஆடம்பரச் செலவு என்று கருதி அதனை நிறுத்திவிட்டார். ட்ரைப் 1902 வரை வாழ்ந்தார். ஆயினும் அவருடைய பெரும்பணி முப்பதுகளில் தொடங்கி முப்பதுகளிலேயே முடிந்துவிட்டது.

முதியவரும் இளநங்கையும்

நாற்பது வயதிற் பெருங் கமராவோடு தம் வாழ்க்கைப் பணியைத் தொடங்கியவர் பிரான்சு தேசத்து யூஜீன் அட்ஜே. 1857இற் பிறந்து, சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். கப்பலில் வேலை செய்தார், நாடக நடிகரானார், தொண்டை நோயால் மேடையை விட்டார், ஓவியம் தீட்டிப் பார்த்தார். ஒன்றும் நிலைக்கவில்லை. ஓவியர்களுக்கு மாதிரியாக உதவும் படங்களை எடுத்து விற்பது என்ற எளிய நோக்குடன் கமராவைக் கையில் எடுத்தார்.

1897, 1898ஆம் ஆண்டுகளளவில் அவருக்கு ஒரு பெரிய நோக்கம் பிறந்தது. பழைய பாரிஸ் நகரம் இடிபட்டுக்கொண்டிருந்தது. அதன் ஒடுங்கிய வீதிகள், கடை முகப்புகள், படிக்கட்டுகள், முற்றங்கள், தெருவில் கூவி விற்போர் ஆகியவற்றை மறையுமுன்னே பதிந்துவிட உறுதி கொண்டார். 18 சென்ரிமீற்றர் அகலமும் 24 சென்ரிமீற்றர் நீளமுங் கொண்ட கண்ணாடித் தட்டுகளையும் மரக் கமராவையும் சுமந்து, சனநடமாட்டமில்லாத அதிகாலை வேளைகளிற் புறப்படுவார். கையடக்கக் கமராக்கள் வந்த பின்னரும் அப்பழைய கருவியை அவர் கைவிடவில்லை. முப்பது ஆண்டுகளில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். 1920இல் அவற்றுள் 2,600க்கு மேற்பட்ட கண்ணாடித் தட்டுகளைப் பிரெஞ்சு அரசு வாங்கிக்கொண்டது. என்றாலும், அவர் வாழ்ந்த காலத்தில் அவரைக் கலைஞரென்று கொண்டாடினோர் மிகச் சிலரே.

அச்சிலருள் ஒருவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலிருந்து பாரிசுக்கு வந்திருந்த பெரெனிஸ் அபொட் என்னும் இளநங்கை. 1898இற் பிறந்த அவர், சிற்பம் பயில வந்து, மான் ரே என்னும் கலைஞரின் இருட்டறையில் உதவியாளராகி, பின்னர் தாமே ஸ்ரூடியோ நடத்தியவர். 1927இல் முதியவரான அட்ஜேயைத் தம் ஸ்ரூடியோவுக்கு அழைத்துப் படம் எடுத்தார். பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சென்றபோது அம்முதியவர் உயிருடன் இல்லை. அடுத்த ஆண்டில், அவர் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான பிரதிகளையும் 1,400 வரையிலான கண்ணாடித் தட்டுகளையும் தேடி வாங்கிக் காப்பாற்றினார்.

1929இல் நியூயோர்க்குக்குத் திரும்பிய அபொட், அங்கும் பழைய வீடுகள் இடிந்து வானளாவிய கட்டடங்கள் எழுவதைக் கண்டார். பாரிசுக்கு அட்ஜே செய்ததை நியூயோர்க்குக்குத் தாம் செய்வதென்று துணிந்தார். முதலிற் சிறிய கமராவால் எடுத்துப் பார்த்தவர், முப்பது வயதைக் கடந்த நிலையில் 8 அங்குலம் 10 அங்குலக் கமராவைத் தமதாக்கிக் கொண்டார். பொருளாதாரம் வீழ்ந்திருந்த அக்காலத்தில், 1935 முதல் 1939 வரை அரசாங்கக் கலைத் திட்டமொன்றின் உதவியோடு அப்பணி நடைபெற்றது. 1939இல் நூலாகவும் வெளிவந்தது. அட்ஜேயின் தொகுதியை நாற்பது ஆண்டுகள் பேணிய பின்னர், 1968இல் நியூயோர்க் நவீன கலை அரும்பொருட்சாலையிடம் ஒப்படைத்தார். முதியவருடைய உழைப்பு ஓர் இளம்பெண்ணின் கையால் உலகத்தின் சொத்தாயிற்று.

நாற்பத்தெட்டு வயதில் வந்த பரிசு

இலங்கைச் சரித்திரம் படித்த மாணவர் யாவரும் 1833ஆம் ஆண்டின் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்களை அறிவர். அந்தச் சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவியே ஜூலியா மார்கரெட் கமரன். 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். அங்கேயே 1838இல் மணம் முடித்தவர். கணவருக்கு இலங்கையிற் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. பின்னர் இங்கிலாந்திற் குடியேறி, வைட் தீவில் வாங்கிய வீட்டுக்குத் 'திம்புள' என்று நம் மலைநாட்டுப் பெயரையே சூட்டினர்.

1863 டிசம்பரில், கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குச் சென்றிருந்தார். பிள்ளைகள் வளர்ந்து பிரிந்துவிட்ட வீட்டிலே தாயார் தனித்திருப்பாரே என எண்ணி, மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தனர். நிழற்படங்களை முன்னரே விரும்பிச் சேர்த்தவராயினும், அவற்றை எடுக்கும் வித்தையை அவர் முறையாகப் பயின்றவரல்லர். வயதோ நாற்பத்தெட்டு. கோழிக் கூண்டைத் திருத்திப் படம் பிடிக்கும் கண்ணாடி அறையாக்கினார். நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார்.

அக்காலத்து முறை கடினமானது. பெரிய கண்ணாடித் தட்டிலே பசைபோன்ற மருந்தைச் சீராக ஊற்றி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் எடுத்து, உடனே கழுவவேண்டும். எதிரே இருப்பவர் பல நிமிடம் அசையாதிருக்க வேண்டும். வெள்ளி உப்பு கையையும் உடையையும் கறுப்பாக்கிவிடும். இவையனைத்தையும் அந்த அம்மையார் கற்றார். 1864 சனவரியில் ஒரு சிறுமியின் படத்தைத் தமது முதல் வெற்றியென்று குறித்து வைத்தார். 1865இல் லண்டன் சவுத் கென்சிங்டன் அரும்பொருட்சாலை அவருடைய படங்களை விலைக்கு வாங்கிற்று. 1866இல் 12 அங்குலம் 15 அங்குலத் தட்டுக்குரிய இன்னும் பெரிய கமராவை எடுத்தார். கவிஞர் டெனிசன், விஞ்ஞானிகளான டார்வின், சேர் ஜோன் ஹேர்ஷல் முதலியோர் அதன்முன் அமர்ந்தனர். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரும் அமர்ந்தார். பணிப்பெண்ணைத் தேவமாதாவாகவும் அறிஞரைச் சாதாரண முதியவராகவும் காட்டிய கண் அது. படங்கள் தெளிவற்றவை என்று அக்காலத்து நிபுணர் குறை கூறினர். அவரோ முகத்தின் உள்ளொளியே தமக்கு வேண்டியதென்று தம் வழியிற் சென்றார். பதினைந்து ஆண்டுகளுக்குள் அவர் செய்தவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள்.

பெயர் தெரியா முகங்கள்

1875இல் கமரன் தம்பதியர் இலங்கைக்கே வந்து குடியேறினர். சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டுவந்தனர் என்பர். கோப்பிச் செடியை 1869 முதல் நோய் அழித்துக்கொண்டிருந்த காலம் அது. களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்த அம்மையார் இங்கும் கமராவைக் கைவிடவில்லை. 1877இல் இங்கு வந்த ஓவியர் மரியன் நோர்த்தைத் தென்னோலைகளின் நடுவே நிறுத்திப் படம் எடுத்தார். தோட்டத் தொழிலாளரையும் அயற்கிராமத்தாரையும் எடுத்தார். இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவே. 1879 சனவரி 26ஆந் திகதி காலமானார். பொகவந்தலாவைப் பரிசுத்த மரியாள் ஆலய வளவில், அடுத்த ஆண்டிற் காலமான கணவரோடு அவர் துயில்கின்றார்.

அந்த இலங்கைப் படங்களைப் பார்க்குந்தோறும் நம் மனத்தில் ஒரு வேதனை எழுகின்றது. சேலை மடிப்பும், கழுத்தணியும், உழைத்த கையின் நரம்பும் தெளிவாய்த் தெரிகின்றன. கோப்பித் தோட்டங்களிலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர் உழைத்த காலம் அது. அம்முகங்களில் நம்மவர் முகமும் உண்டு. டெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயருண்டு. வைட் தீவின் பணிப்பெண்ணுக்கும் பெயருண்டு. களுத்துறையிலும் தோட்டத்திலும் கமராவின்முன் அசையாது நின்ற இவர்களின் பெயரை எழுதி வைத்தார் எவருமில்லை. எத்துணைப் பெரிய தட்டாயினும் அது முகத்தைத்தான் காக்கும். பெயரை மனிதர்தான் காக்கவேண்டும்.

கற்க வேண்டிய வயது

இவர்கள் அனைவரையும் ஒருங்கே நோக்குவோம். ஒருவர் இசை மாணவர், ஒருவர் சிறுவயது மேதை, ஒருவர் படையதிகாரி, ஒருவர் தோற்ற நடிகர், ஒருவர் ஸ்ரூடியோ நடத்திய நங்கை, ஒருவர் பிள்ளைகளை வளர்த்து முடித்த தாய். வயதில் இவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஆனால், அசட்டையாகப் பார்த்துவிட்டுப் போக முடியாத ஒன்று ஒவ்வொருவர் கண்ணிலும் பட்டது. அடம்சுக்கு மலை, ஷோருக்கு அன்றாட வீதி, ட்ரைப்புக்குக் கல்லெழுத்து, அட்ஜேக்கும் அபொட்டுக்கும் மறையும் நகரம், கமரன் அம்மையாருக்கு மனித முகம். அதனைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் வந்தபோது பாரமும் செலவும் தாமதமும் அவர்களுக்குத் தடையாகவில்லை. பழமொழி பொய்யன்று, ஆனால், காக்கவேண்டிய பொருளைக் கண்டுகொண்டவர் ஐம்பதிலும் வளைவர் என்று அதனோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

நாம் எல்லோரும் பெருங் கமராவைத் தேடிப் போகவேண்டுமென்பதில்லை. ஆயினும் நம் வீடுகளிலே அதன் வேலை இன்னும் இருக்கின்றது. பாட்டனார் நாற்காலியில் அமர, பாட்டியார் அருகே நிற்க, திரைச்சீலைக்கு முன் எடுத்த பழைய ஸ்ரூடியோப் படங்களுட் பல, கறுப்புத் துணிக்குள் ஒருவர் தலை நுழைத்து எடுத்தவையே. இடம்பெயர்வுகளில் எத்தனையோ குடும்பங்கள் அவற்றை இழந்தன. எஞ்சியவற்றை இன்று வெளியே எடுங்கள். அவர் இன்னார், இவர் இன்னார் என்று அடையாளம் சொல்லக்கூடிய முதியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும், பெரியோர் சொல்லட்டும். இதற்கு ஐந்து வயதும் ஏற்றது. எண்பது வயதும் ஏற்றது.